ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஒன்பது வாரத்துக்கான மாத்திரையை என் அத்தை எட்டே நாளில் சாப்பிட்டு முடித்திருந்தார். ஒரு வேளை கூடத் தவறவில்லை, சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி, சாப்பாட்டுக்குப் பிறகு. சிக்கலே அதுதான்.

நான் திருச்சியில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்துத் தவறுகளைப் பற்றி எங்களுக்குள் பேசுவோம், எழுதியும் வைப்போம், ஆனால் எல்லாம் யாரோ ஒருவருக்கு நடந்ததாகத்தான் இருக்கும். இது வீட்டுக்குள் நடந்தது. அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, ஆனா என் பேரைப் போட்டுறாத" என்றார். போடவில்லை. மருத்துவமனை, மருந்துக்கடை பெயர்களும் வராது.

அத்தைக்கு வயது 67, ஊர் மயிலாடுதுறைப் பக்கம். இரண்டு வருடமாகச் சரவாங்கி, அதாவது முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மடங்காது, டம்ளரைப் பிடிக்க முடியாது. மூட்டு மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பித்தார். இந்த நோய்க்கு உலகம் முழுக்க முதலில் எழுதுகிற மருந்து அதுதான், நல்ல மருந்து, அத்தைக்கும் நன்றாகவே கேட்டது. 7.5 மி.கி. மாத்திரை இரண்டு, மொத்தம் 15 மி.கி., வாரத்துக்கு ஒரே ஒரு நாள். செவ்வாய்க்கிழமை ஃபோலிக் அமிலம் 5 மி.கி. ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. கடைசியாக எடுத்ததில் வெள்ளை அணுக்கள் 7,200, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 2.6 லட்சம், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.0. எல்லாம் சரி.

அத்தைக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்ற பெயர் வாயில் நுழையாது. வீட்டில் அதற்குப் பெயர் 'ஞாயித்துக்கெழம மாத்திரை'. ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டதும் அவரே பீரோவிலிருந்து எடுத்து, இரண்டைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டு, காலண்டரில் அந்தத் தேதியைப் பேனாவால் சுழித்துவிடுவார். இரண்டு வருடத்தில் ஒரு தடவை கூடப் பிசகியதில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது மாதிரி ஒன்று நடந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "வயசானவங்க, மறந்து மறந்து சாப்பிட்டிருப்பாங்களோ?" என்றுதான். இல்லை.

ஒரு வியாழக்கிழமை குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் வெள்ளிக்கிழமை அறுவை செய்து தகடு வைத்தார்கள். திங்கள் சாயங்காலம் டிஸ்சார்ஜ். வலது கை கட்டில் இருந்ததால் மாத்திரையைப் பிதுக்கி எடுக்கக்கூட அத்தையால் முடியாது. இரண்டு வருடமாகத் தன் கையில் வைத்திருந்த பொறுப்பு அன்று சாயங்காலம் மருமகள் கைக்குப் போனது. அந்தப் பெண் படித்தவள், பொறுப்பானவள், டிஸ்சார்ஜ் சம்மரியை வரிவரியாகப் படித்து, அதில் இருந்தபடியே ஏழு நாள் மாத்திரை டப்பாவில் அடுக்கினாள்.

அந்தக் காகிதத்தை நான் பிறகு வாங்கிப் பார்த்தேன். ஆறு மருந்து. நுண்ணுயிர்க்கொல்லி, வலிமாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, கால்சியம், ரத்த அழுத்த மாத்திரை, ஆறாவதாக மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. அதற்கு நேரே 1-0-0, அதாவது தினமும் காலை ஒன்று. அவ்வளவுதான். 'வாரம்' என்ற சொல் பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஃபோலிக் அமிலம் பட்டியலிலேயே இல்லை.

மருந்துக்கடையில் 15 மி.கி.யாகவே ஒரே மாத்திரை இருந்தது, வேறு கம்பெனி. பத்து மாத்திரை அட்டை. பேப்பர் கவரில் போட்டு, மேலே பேனாவால் '1-0-0 சா.பி.' (சாப்பாட்டுக்குப் பின்) என்று எழுதிக் கொடுத்தார்கள். சம்மரியில் இருந்ததைத்தான் எழுதினார்கள், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செவ்வாய் காலை டப்பாவைத் திறந்து நீட்டியபோது அத்தை கேட்டிருக்கிறார்: "இது என்ன, புது மாத்திரையா?"

"ஆமா அத்தை, ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்தது. காலையில ஒண்ணு."

பழையது இரண்டு மாத்திரை, இது ஒன்று. பழைய அட்டையின் நிறம் வேறு, இதன் நிறம் வேறு. ஆகவே அத்தை மனதில் இது கைமுறிவுக்கான மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மாத்திரை தனி. அந்த ஞாயிறு என்ன நடந்தது தெரியுமா? டப்பாவில் இருந்ததைப் போட்டுக்கொண்ட பிறகு, பேத்தியைக் கூப்பிட்டு பீரோவிலிருந்து பழைய அட்டையை எடுத்து வரச்சொல்லி, வழக்கமான இரண்டையும் பிதுக்கித் தரச்சொல்லிச் சாப்பிட்டிருக்கிறார். காலண்டரில் சுழியும் போட்டாயிற்று, இடது கையால், கோணலாக. எட்டு நாளும் 15 மி.கி., ஞாயிறன்று கூடுதலாக இன்னொரு 15. மொத்தம் 135.

சனிக்கிழமையே நாக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. ரசம் சாதம் காரம் என்றார். வீட்டில் எல்லோரும் உடம்புச்சூடு என்றே நினைத்தார்கள், நம் ஊரில் வேறென்ன நினைப்பார்கள், ஆபரேஷன் ஆன உடம்பு, ஆன்டிபயாடிக் வேறு ஓடுகிறது. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால். ஞாயிறு உதட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் புண். திங்கள் மருந்துக்கடையில் சொன்னதும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வாயில் தடவ ஒரு ஜெல்லும் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தாலே எரிகிறது என்று தண்ணீரையும் குறைத்துவிட்டார். இது பின்னால் முக்கியமாகிறது. செவ்வாய் ராத்திரி காய்ச்சல் 102.

புதன் காலை ஏழு மணிக்கு எனக்கு போன். அத்தைதான். "வாயெல்லாம் வெந்துபோன மாதிரி இருக்குடா, எச்சில் முழுங்க முடியல. என்ன மாத்திரை வாங்கலாம்?"

சரவாங்கிக்காரர் ஒருவர் வாய்ப்புண் என்று சொன்னால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்விதான் முதலில் வரவேண்டும். எனக்கு அது மூன்றாவதாகத்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் சர்க்கரை இருக்கிறதா பார்த்தீர்களா என்று கேட்டேன், அப்புறம் எந்த ஆன்டிபயாடிக் என்று கேட்டேன். அதற்கப்புறம்தான் "ஞாயித்துக்கெழம மாத்திரையை எப்படிச் சாப்பிடுறீங்க அத்தை?" "வழக்கம்போலத்தான், ஞாயித்துக்கெழம ரெண்டு." நிம்மதியாகிவிட்டது. போனை வைக்கப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று மருமகளிடம் கொடுக்கச் சொல்லி, டப்பாவில் போடுகிற மாத்திரைகளின் அட்டை ஒவ்வொன்றிலும் உள்ள பெயரைப் படிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஐந்தாவது அட்டையில் அந்தப் பெயர் வந்தது.

"இதுல எத்தனை சாப்பிட்டிருக்காங்க?"

"எட்டு, அண்ணா."

ஒன்பதாவது அன்றைய டப்பாவில் காத்திருந்தது. நல்லவேளை, இட்லி இன்னும் வேகவில்லை.

தஞ்சாவூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போகச் சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். ரத்த முடிவு பத்தரைக்கு வந்தது. வெள்ளை அணுக்கள் 1,100. தட்டணுக்கள் 28,000, சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போகக் கூடாது. ஹீமோகுளோபின் 8.4. கிரியேட்டினின் 1.9. ரத்த அணுக்களை உண்டாக்கும் எலும்பு மஜ்ஜை கிட்டத்தட்ட கடையைச் சாத்திவிட்டது, சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது, மேலே காய்ச்சல். கிருமியை எதிர்க்க ஆள் இல்லாத உடம்பில் வருகிற காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

இந்த மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாரத்துக்கும் தினத்துக்கும் உள்ள வித்தியாசம் புரியாது. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிய டிஎன்ஏ கட்ட வேண்டும், அதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். நாம் சாப்பிடும் ஃபோலிக் அமிலத்தை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதி ஒன்று இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் போய் அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு பூட்டிவிடும். வேகமாகப் பிரிகிற உயிரணுக்கள்தான் முதலில் அடிவாங்கும்: வாய், குடல் உள்தோல், மஜ்ஜை. வாய்த்தோல் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது, அதனால் வாய்ப்புண் முன்னால் வந்து கதவைத் தட்டுகிறது. வெள்ளை அணுக்களில் முக்கியமானவை ஒரு நாள் கூட ரத்தத்தில் தங்காதவை, அடுத்தது அவை. தட்டணுக்களுக்குப் பத்து நாள் ஆயுள். சிவப்பணுவுக்கு 120 நாள், அது கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும்.

வாரம் ஒருமுறை கொடுத்தால் மீதி ஆறு நாளில் இந்த உயிரணுக்கள் மூச்சு வாங்கிக்கொள்ளும். தினமும் கொடுத்தால் அந்த இடைவெளியே கிடையாது, மருந்து உயிரணுக்களுக்குள் சேர்ந்துகொண்டே போகும். கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஒருவர் ஒரே வேளையில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்து விழுங்கிவிட்டால்கூட பெரும்பாலும் இவ்வளவு மோசமாகாது, ஏனென்றால் வாய்வழி போகும் அளவு கூடக்கூட குடல் உறிஞ்சுகிற பங்கு குறைகிறது, மஜ்ஜைக்கும் பிறகு ஓய்வு கிடைக்கிறது. சின்ன அளவு, தினம் தினம், அதுதான் கொல்லும்.

இந்த மருந்து வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீர் வழியாக. அத்தைக்கு அறுவைக்குப் பிறகு வலிமாத்திரை ஓடிக்கொண்டிருந்தது, அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியது. வாய்ப்புண்ணால் தண்ணீரும் குறைந்தது. ஆக மருந்தே புண்ணைக் கொடுத்து, புண் தண்ணீரை நிறுத்தி, தண்ணீர் இல்லாமல் மருந்து வெளியே போகாமல், ஒரு சுற்று.

இங்கே ஒரு பழைய கதை. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்யவும், பிறகு அதற்கு எதிராக வேலை செய்யும் மருந்துகளை உண்டாக்கவும் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அங்கிருந்து போன அமினோப்டெரின் என்ற மருந்தை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். மெத்தோட்ரெக்ஸேட் அதன் தம்பி. புற்றுநோய்க்குப் பிறந்த மருந்து, மிகக் குறைந்த அளவில், வாரத்துக்கு ஒருமுறை என்ற நிபந்தனையோடு மூட்டுக்கு வந்தது. அந்த நிபந்தனையைக் கழற்றிவிட்டால் மறுபடியும் அது புற்றுநோய் மருந்துதான்.

சிகிச்சை. "ஃபோலிக் மாத்திரையை அதிகமாகக் கொடுத்தால் சரியாகாதா?" என்று மருமகள் கேட்டாள், நல்ல கேள்வி. ஆகாது. ஃபோலிக் அமிலத்தை மாற்றுகிற நொதியைத்தான் மருந்து பூட்டி வைத்திருக்கிறதே. பூட்டைத் தாண்டி உள்ளே போகிற, ஏற்கெனவே மாற்றப்பட்ட வடிவம் வேண்டும், அதுதான் ஃபோலினிக் அமிலம். பெயரில் ஓரெழுத்து வித்தியாசம், வேலையில் மலைக்கும் மடுவுக்கும். மருந்தகத்திலேயே இதை மாற்றி எடுத்துவிடுவார்கள், ஆகையால் 'லூகோவோரின்' என்று மறுபெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. அந்த மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவின் மருந்தகத்தில் இருந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் போட்டார்கள், கூடவே சலைன், காய்ச்சலுக்கு வீரியமான நுண்ணுயிர்க்கொல்லி, மஜ்ஜையைத் தூண்டும் ஊசி. ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கலாமா என்று பேச்சு வந்தது. இப்படிச் சின்ன அளவில் நாள்கணக்கில் சேர்ந்த நச்சில் அந்தப் பரிசோதனை ஒன்றுமில்லை என்றே காட்டலாம், மருந்து ரத்தத்தில் இல்லாமல் உயிரணுக்களுக்குள் உட்கார்ந்திருக்கும். முடிவுக்காகக் காத்திருக்காமல் ஆரம்பித்த மருத்துவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தட்டணுக்கள் 12,000, ஈறில் ரத்தம். தட்டணு ஏற்றினார்கள். சனிக்கிழமை வெள்ளை அணுக்கள் 600. அன்று ராத்திரி அத்தை என்னைப் பார்த்து, பேச முடியாமல், இடது கை விரலால் படுக்கையில் சுழி போட்டுக் காட்டினார். காலண்டர் சுழி. தான் சரியாகத்தான் சாப்பிட்டேன் என்கிறார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஆறாம் நாள் அணுக்கள் திரும்பின, எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது, பதின்மூன்றாம் நாள் வீடு. முடி கொஞ்சம் கொட்டியது.

சரி, யார் தப்பு? நான் அந்த முதல் மருத்துவமனைக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் போகும்போது சண்டை போடத்தான் போனேன். சம்மரி தயாரித்தவர் ஒரு இளம் டியூட்டி டாக்டர், அத்தை கொண்டுபோன பழைய சீட்டைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மருந்துப் பெயர் தட்டியதும் வேளைக்கு ஒரு பெட்டி திறக்கிறது. அதில் 1-0-0, 0-0-1, 1-0-1, 1-1-1, தேவைப்பட்டால். வாரம் ஒருமுறை என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. அவர் 1-0-0 தேர்ந்தெடுத்து, பக்கத்தில் குறிப்பு என்ற கட்டத்தில் 'வாரம் ஒருமுறை, ஞாயிறு' என்று தட்டச்சு செய்திருக்கிறார். திரையில் அது இன்றும் இருக்கிறது. அச்சிடும்போது குறிப்புக் கட்டம் காகிதத்தில் வருவதில்லை. அது அவருக்குத் தெரியாது.

சண்டை போடும் மனநிலை அங்கேயே போய்விட்டது. நம் ஊரில் 1-0-1 என்பது ஒரு தனி மொழி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், காலை மதியம் ராத்திரி. அருமையான ஏற்பாடு, நான் தினமும் நூறு கவரில் எழுதுகிறேன். ஆனால் அந்த மொழியில் ஒரு நாள்தான் இருக்கிறது. நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டால் 'இன்று செய்ததையே' என்பதுதான் அதன் பதில். வார மருந்தை அதில் எழுதவே முடியாது. எழுதினால், 'வாரம்' என்பது பக்கத்தில் ஒட்டவைத்த சொல்லாகத்தான் நிற்கும், ஒட்டவைத்தது எங்கேயாவது உதிரும். அத்தை விஷயத்தில் அச்சுப்பொறியில் உதிர்ந்தது. இன்னொரு இடத்தில் கையெழுத்தில் உதிரலாம், கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது உதிரலாம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு நோயாளி வார மருந்து தின மருந்தாக மாறியதால் 2000-இல் இறந்து, அதைப் பற்றி முழு விசாரணையே நடந்தது. பிறகு அந்த நாட்டின் நோயாளி பாதுகாப்பு முகமை கணக்கெடுத்தபோது, பத்து ஆண்டுகளில் வாய்வழி மெத்தோட்ரெக்ஸேட் சம்பந்தப்பட்ட 137 நிகழ்வுகள், அதில் 25 சாவு. ஆஸ்திரேலியாவிலும் இதே தவறு மரண விசாரணைப் பதிவுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அதன் பிறகு அங்கெல்லாம் வந்த ஏற்பாடுகள் எல்லாம் ரொம்பச் சாதாரணமானவை: சீட்டில் கிழமையின் பெயரை எழுது, 'சொன்னபடி சாப்பிடவும்' என்று எழுதாதே, பெயரைச் சுருக்காதே, ஒரே வலிமை மாத்திரையை மட்டும் கொடு. கடைசியாகச் சொன்னது அத்தைக்கு நடந்திருந்தால் அது மட்டுமே போதும். 7.5 இரண்டாகவே கொடுத்திருந்தால், பழைய அட்டையே வந்திருந்தால், செவ்வாய்க்கிழமை காலை "இது ஞாயித்துக்கெழம மாத்திரையாச்சே" என்று அவரே கையைத் தட்டிவிட்டிருப்பார்.

இதைப் படித்துவிட்டு யாரும் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்திவிடாதீர்கள், லட்சக்கணக்கான கைகள் அதனால்தான் மடங்குகின்றன. கிழமையைக் கேளுங்கள். சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால் அட்டையின் மேலேயே கிழமையை மார்க்கரில் எழுதுங்கள், தினசரி டப்பாவில் போடாதீர்கள், வாய்ப்புண் வந்தால் கீரை அரிவதற்கு முன்னால் எத்தனை மாத்திரை காலியாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதினால் இந்த மருந்து ஓடுகிறது என்று சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் சரியான அளவிலேயே மஜ்ஜை படுத்துவிடலாம். மருந்தால் வந்த கெடுதலைத் தெரிவிக்க 1800-180-3024 என்று நாடு முழுக்க ஒரு இலவச எண் இருக்கிறது, நான் இதைத் தெரிவித்தேன்.

அத்தைக்கு மூட்டு மருத்துவர் மெத்தோட்ரெக்ஸேட்டை மறுபடி தொடங்கலாம் என்றார். "அந்தப் பேச்சே வேணாம்" என்று அத்தை முடித்துவிட்டார். இப்போது வேறு மருந்து, காலை ஒன்று ராத்திரி ஒன்று.

அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன், மென்பொருள் கம்பெனிக்குச் சொல்லிச் சரிசெய்கிறோம் என்றார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து என் கவுன்டருக்கு ஒருவர் வந்து மாத்திரைக்குச் சீட்டு நீட்டினார். அதே மருத்துவமனை, அதே வடிவக் காகிதம். மூன்றாவது வரியில் வைட்டமின் டி 60,000 யூனிட் பொடி. வாரத்துக்கு ஒரு பாக்கெட் கலக்கிக் குடிக்க வேண்டியது. எதிரே 1-0-0.

"இதை எத்தனை குடிச்சிருக்கீங்க?" என்றேன்.

"நாலு பாக்கெட் இருந்துச்சு, முடிஞ்சுது சார்" என்றார். "வெள்ளிக்கெழமதான் ஆரம்பிச்சேன்."

அன்று திங்கள்.